பதினோராவது டின்

கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளிப் பையன்களின் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் சதக்கு. வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முனவ்வர் ஆலிம்சாவிடம் மார்க்கப் பாடம் கேட்பார். பாடம் சொல்பவருக்கு முப்பத்தாறு வயது, கேட்பவருக்கு ஐம்பது. அதனால் குருதான் சீடரைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்.

அந்த வாரம் சதக்கு கையில் பாடக் கிதாபு இல்லை, எனர்ஜி டிரிங்க் டின் இருந்தது. மகன் சாலிஹும் கூட வந்திருந்தான்.

போன ஆட்டத்தில் ஜுனைத் என்ற பையன் நெஞ்சு படபடக்கிறது என்று மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இடைவேளையில் குடித்தது இந்த டின். மார்க்கத்தில் இது கூடுமா கூடாதா என்று ஆலிம்சாவிடம் எழுதி வாங்கி வந்தால்தான் பிள்ளையை அனுப்புவேன் என்று அவன் உம்மா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஒன்பது வருடமாகக் கைநழுவும் கோப்பை. ஜுனைத் இறங்காவிட்டால் இந்த வருடமும் அவ்வளவுதான். சதக்குவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆலிம்சா டின்னை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு சேர்மானமாகப் படித்தார்.

"விலக்கப்பட்டது எதுவும் இல்ல. ஹலால் முத்திரையும் பெருசாவே இருக்கு."

சதக்குவுக்கு உயிர் வந்தது. கூடும் என்று ஒரு வார்த்தை எழுதித் தந்தால் போதும் என்றார். பையன்களை அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் குடிக்க வைப்பதாகவும் சேர்த்துக்கொண்டார்.

"பின்னாடி பொடி எழுத்துல பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு போட்டிருக்கே?"

"கம்பெனிக்காரன் எதையாவது போடத்தான் செய்வான், ஆலிம்சா."

"ஒரு ஆட்டத்துக்கு எத்தனை டின்?"

"பத்து."

"ஆடுறது பதினோரு பேராச்சே."

"கோல் கீப்பருக்கு எதுக்கு? நின்ன எடத்துலதான நிக்கிறான்."

"கீப்பர் யாரு?"

"நம்ம சாலிஹ்தான்."

ஆலிம்சா ஒரு தாளை எடுத்து 'கூடும்' என்று எழுதினார். பிறகு டின்னைத் திறந்தார்.

"சாலிஹ், வா வாப்பா. நீ மட்டும் குடிச்சதில்லையாமே. பிஸ்மி சொல்லு."

பையன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். எத்தனையோ நாள் கெஞ்சியும் வீட்டில் கிடைக்காத டின் அது. கையை நீட்டினான்.

சதக்குவின் கை முந்திக்கொண்டது. உள்ளங்கையால் டின்னின் வாயைப் பொத்திவிட்டார். விரலிடுக்கில் நுரை வழிந்து பாயில் சொட்டியது.

"வேணாம், ஆலிம்சா. இவனுக்குப் பதினாலு வயசுதான் ஆவுது."

"ஜுனைதுக்கு?"

சதக்கு வாயைத் திறப்பதற்குள் சாலிஹ் சொன்னான். "அவனும் என் கிளாஸ்தான், ஆலிம்சா."

ஆலிம்சா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனா இன்னும் கையில்தான் இருந்தது.

"கூடும்னு எழுதிட்டேன், காக்கா. யார் வீட்டுப் பிள்ளைக்குன்னு எழுதட்டும்?"