ஐந்தாவது குழி

ஒரு காட்டில், மழை பொய்த்த ஆண்டுகள் கூடிக்கொண்டே போன காலத்தில், நாரை ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது.

அந்தக் காட்டில் புல் குறைந்துவிட்டது. காட்டின் ஓரத்தில், மனிதர்கள் ஒரு காலத்தில் உழுது பின்னர் கைவிட்டுப்போன கொல்லை ஒன்று சும்மா கிடந்தது. விலங்குகள் கூடிப் பேசின.

"இனிப் புல்லை மட்டும் நம்ப முடியாது. நம் குட்டிகளாவது பயிர் வைக்கப் பழகட்டும்" என்றது காட்டெருமை.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே? வாழ்நாளெல்லாம் வயல்களில் நின்று பழகிய நாரையை அழைத்து வந்தார்கள். நாரைக்குப் பயிர்களைப் பற்றித் தெரியாதது இல்லை. ஆனால் ஒரு பயிரையும் அது வாயில் வைத்ததில்லை. அதன் உணவு மீன். அதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வாகை மரத்தடியில் நாரை நான்கு குழிகள் தோண்டியது.

"முதல் குழி தானியம். சோளம், கம்பு, தினை எல்லாம் இதில் சேரும். இரண்டாவது குழி பயறு. உளுந்தும் துவரையும் இங்கே வரும். மூன்றாவது எண்ணெய் வித்து. எள்ளை இதில் போடு. நான்காவது கிழங்கு. இந்த நான்கில் எதில் விழுந்தாலும் அது உணவு. நான்கிலும் விழாதது களை. பிடுங்கி எறி. புரிந்ததா?"

"புரிந்தது, ஐயா!" என்று குட்டிகள் கத்தின.

நாரை நல்ல ஆசிரியர்தான். முயல்குட்டி சில்லான் ஒருநாள் நிலக்கடலையைக் கொண்டுபோய்க் கிழங்குக் குழியில் போட்டான்.

"ஏனடா அங்கே போட்டாய்?"

"மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தேன் ஐயா. அப்போ கிழங்குதானே?"

"மண்ணுக்குள் இருப்பதெல்லாம் கிழங்கா? அப்படியென்றால் நீயும் வளைக்குள் இருக்கிறாய், உன்னையும் நான்காவது குழியில் போடட்டுமா? வேர் பருத்தால் அது கிழங்கு. இது மண்ணுக்கு மேலே பூத்து, காம்பை மண்ணுக்குள் இறக்கி, அங்கே போய்க் காய்த்தது. உள்ளே இருப்பது எண்ணெய். மூன்றாவது குழி!"

குட்டிகள் சிரித்தன. சில்லானுக்குத் தண்டனை கிடைத்தது. நாரைக்குத் தெரிந்த தண்டனை ஒன்றே ஒன்றுதான்: ஒற்றைக் காலில் நிற்பது. நான்கு கால் உள்ளவர்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றால் போதும். அது நாரை காட்டிய சலுகை.

காட்டெருமைக் கன்று கட்டையன் மட்டும் ஒருநாளும் காலைத் தூக்கியதில்லை. எந்த இலையைக் கொடுத்தாலும் சரியான குழியில் போடுவான். போட்டுவிட்டுத் தன் தாய் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பான். தாய் தலையை ஆட்டும்.

மான்குட்டி துரும்பி அடிக்கடி காலைத் தூக்குவாள். அவளுக்கு விடை தெரியாது என்பதில்லை. விடை சொன்ன பிறகும் கேள்வி கேட்பாள்.

முதல் மழையில் குட்டிகள் கொல்லையில் சோளம் விதைத்தன. கட்டையன் குளம்பால் மண்ணைக் கிளறினான். சில்லான் சால் பறித்தான். துரும்பி விதைகளின் மேல் மெதுவாக மிதித்து நடந்து அவற்றை மண்ணால் மூடினாள். "ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. மேலே கிடந்தால் குருவி தின்றுவிடும்" என்று சொல்லியபடி நாரை கூடவே நடந்தது. பயிர் முழங்கால் உயரம் வந்தது.

அதோடு மழை நின்றது.

சோளம் சுருண்டது, பின்பு கருகியது. ஓடை சேறானது, அப்புறம் சேறும் வெடித்தது. நாரைக்கும் மீன் இல்லை. அதன் கழுத்து இன்னும் மெலிந்து, நூல் போலத் தெரிந்தது. ஆனாலும் காலை தவறாமல் அது பள்ளிக்கு வந்தது. காட்டெருமையின் மடி வற்றியது. கட்டையன் பெயருக்குத்தான் கட்டையன். விலா எலும்புகள் ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தன.

பிறகு ஒரு மாலை, யாரும் எதிர்பாராமல், சிறு மழை ஒன்று பெய்தது. மண்ணின் மேல்தோலை நனைத்துவிட்டு ஓடிப்போனது. அதற்கே கருகிய சோளத்தட்டைகளின் அடியிலிருந்து துளிர்கள் கிளம்பின. அந்தக் காடு முழுவதிலும் பச்சை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

துளிர்கள் குளம்பு மறையும் உயரம் வந்தபோது, ஊரிலிருந்து வழிதவறி வந்த பசு ஒன்று கொல்லை ஓரத்தில் செத்துக் கிடந்தது. வாயில் நுரை. கண்கள் திறந்தே இருந்தன. அதன் கொம்பின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது.

"ஐயா, இது எப்படிச் செத்தது?" என்று துரும்பி கேட்டாள்.

"பாம்பு கடித்திருக்கும்" என்றது நாரை.

"பாம்பாம், பாம்பு!" என்று காக்கை சிரித்தது. "வாத்தியாரே, இதன் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தவன் நான். உள்ளே இருந்தது உங்கள் பள்ளிக்கூடத்துச் சோளம். பச்சை நிறம்கூட மாறவில்லை."

"பிணம் தின்கிற வாய் எனக்குப் பயிர்ப்பாடம் நடத்த வேண்டாம்."

"நான் எதற்கு நடத்துகிறேன்? நீங்களே நடத்துங்கள். உங்கள் பாடம் நன்றாக நடந்தால் எனக்கும் சாப்பாடு நன்றாக நடக்கும்."

அந்தக் காக்கை எப்போதும் அப்படித்தான். நடக்க முடியாத மானைக் கண்டால், "எப்போது வரட்டும்?" என்று நலம் விசாரிக்கும். அதனால் அது சொன்ன உண்மையும் கேலியாகவே காதில் விழுந்தது. குட்டிகள் கலைந்து போயின. துரும்பி மட்டும் அந்தப் பசுவின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை காட்டெருமை பள்ளிக்கு வந்தது.

"ஐயா, என் மடியில் பால் இல்லை. காட்டில் புல் இல்லை. இரவெல்லாம் இவன் என் காலை நக்கிக்கொண்டே கிடக்கிறான். அந்தச் சோளத் துளிரில் குட்டிகள் வாய் வைக்கலாமா? கதிர் வரும்வரை இவன் தாங்க மாட்டான்."

பசுவின் வாயிலிருந்த நுரை நாரையின் நினைவுக்கு வந்தது. "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே ஒரு தாய். சுற்றிலும் குட்டிகள். தெரியாது என்ற சொல்லை அத்தனை பேர் நடுவில் அது ஒருநாளும் சொன்னதில்லை.

"இதற்கு என்னை ஏன் கேட்க வேண்டும்? உன் மகனே சொல்வானே. எல்லோரும் போய் ஆளுக்கொரு சோள இலை கொண்டுவாருங்கள்" என்றது.

குட்டிகள் ஓடிப்போய் இலைகளைக் கவ்வி வந்தன. கட்டையன் தன் இலையை முதல் குழியில் போட்டான். பசியில் குரல் நடுங்கினாலும் பிழையில்லாமல் சொன்னான்: "சோளம். தானியம். உணவு."

"கேட்டாயா, அம்மா?" என்றது நாரை. தாயின் கண்கள் ஈரமாயின.

துரும்பியின் முறை வந்தது. அவள் நான்கு குழிகளையும் பார்த்தாள். இலையை வெறுந்தரையில் போட்டாள்.

"ஏன் அங்கே போட்டாய்?"

"எந்தக் குழி என்று தெரியவில்லை, ஐயா."

"நேற்றுத் தெரிந்திருந்ததே!"

"நேற்று நான் அந்தப் பசுவைப் பார்த்திருக்கவில்லை, ஐயா. பள்ளி விட்ட பிறகுதான் பார்த்தோம்."

"அப்போ பசுவுக்கு ஒரு குழி தோண்டு!" என்றான் சில்லான். எல்லோரும் சிரித்தார்கள்.

நாரையின் கழுத்து விறைத்தது. "சோளம் தானியமா, இல்லையா?"

"தானியம்தான்."

"தானியம் உணவா, இல்லையா?"

"கதிர் வந்தால் உணவு, ஐயா. இதில் கதிரே இல்லையே. காய்ந்து கிடந்து இப்போதுதான் முளைத்திருக்கிறது. துளிரும் கதிரும் ஒன்றா?"

நாரைக்கு அந்தக் கேள்வி நல்ல கேள்வி என்று தெரிந்தது. தெரிந்ததனால்தான் கோபம் வந்தது.

"பெயர் ஒன்று, வகை ஒன்று. இதில் உனக்கென்ன சந்தேகம்? நானே சொல்கிறேன், அது உணவு. தூக்கு காலை! நான் சொல்லும்வரை இறக்கக் கூடாது."

துரும்பி காலைத் தூக்கினாள்.

"கட்டையா, சரியாகச் சொன்னாய் அல்லவா? போ, முதல் வாய் உனக்கு."

பஞ்சம் வந்தால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் தின்று முடிக்கும்வரை பெரியவர்கள் இருக்கிற தீனியில் வாய் வைக்க மாட்டார்கள். எத்தனையோ பஞ்சங்களில் அந்த வழக்கம் குட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றும் பெரியவர்கள் வரப்பின் மேல் நின்றுகொண்டார்கள்.

கட்டையன் முதலில் இறங்கினான். காட்டாட்டுக் குட்டிகள் இரண்டு அவனை முந்தப் பார்த்து, முட்டித் தள்ளிக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தன. பல நாள் பசி. மெல்லாமல் விழுங்கினார்கள்.

"எப்படிடா இருக்கிறது?" என்று தாய் வரப்பிலிருந்து கேட்டது.

"இனிப்பாக இருக்கிறது, அம்மா! உனக்கும் கொஞ்சம் விட்டு வைக்கிறேன்."

சில்லான் கடைசியாகத் தத்தி வந்து ஒரு துளிரைக் கடித்தான். அப்போது கட்டையன் தலையைத் தூக்கினான். வெகுதூரம் ஓடி வந்தவன்போல அவனுக்கு மூச்சு வாங்கியது. முன்கால்கள் ஒன்றோடொன்று பின்னின.

"அம்மா, என்னால் நிற்க முடியவில்லை" என்றான்.

தாய் வரப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அது வந்து சேர்வதற்குள் அவன் விழுந்துவிட்டான். கால்கள் காற்றை உதைத்தன. வாயில் நுரை வந்தது. காட்டெருமை அந்த நுரையை நக்கி நக்கித் துடைத்தது. துடைக்கத் துடைக்க வந்தது. பிறகு வரவில்லை.

ஆட்டுக்குட்டிகள் சற்றுத் தள்ளிக் கிடந்தன. அவையும் அசையவில்லை. வறட்சியில் கருகித் துளிர்த்த சோளத்தில், கதிரில் இல்லாத நஞ்சு ஏறியிருந்தது.

சில்லான் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடினான். மூன்று காலில் நின்றிருந்த துரும்பியின் முன்னால் வந்து நின்றான். அவன் உதட்டில் சோளத்தின் பச்சை ஒட்டியிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது.

நாரை கொல்லைக்குப் போனபோது காட்டெருமை கன்றின் மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தது. காக்கை பட்ட மரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அது இன்று சிரிக்கவில்லை, கேலியும் பேசவில்லை. காத்திருந்தது.

காட்டெருமை அழவில்லை. நாரையைப் பார்த்து ஒன்றுதான் கேட்டது.

"இவனை எந்தக் குழியில் போடட்டும், ஐயா?"

நாரை ஒற்றைக் காலில் அல்ல, இரண்டு கால்களையும் ஊன்றி நின்றது. பிறகு திரும்பி நடந்தது.

வாகை மரத்தடியில் துரும்பி இன்னும் காலை இறக்கவில்லை. இறக்கச் சொல்ல யாரும் வரவில்லை. அவள் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"காலை இறக்கு, அம்மா" என்றது நாரை.

அவள் இறக்கினாள். நாரை குனிந்து, நான்கு குழிகளுக்கும் அப்பால், அலகால் மண்ணைக் கொத்தத் தொடங்கியது. மண் கல்லாய் இறுகிக் கிடந்தது. அலகின் முனை உடைந்து இரத்தம் வந்தது. அது நிறுத்தவில்லை.

"இது எந்த வகைக்கு, ஐயா?" என்று துரும்பி கேட்டாள்.

"எனக்குத் தெரியாதவற்றுக்கு."

தரையில் கிடந்த அந்த ஒற்றைச் சோள இலையை அது எடுத்து ஐந்தாவது குழியில் போட்டது.

அந்தப் பள்ளிக்கூடம் அதன் பிறகும் நடந்தது. யாரும் காலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது குழிதான் எப்போதும் நிறைந்திருந்தது. காட்டெருமை மட்டும் அந்த மரத்தடிப் பக்கம் மறுபடி வரவேயில்லை. நாரை ஒவ்வொரு நாளும் பாடத்தைத் தொடங்கும் முன் காட்டெருமை வழக்கமாக நின்ற இடத்தைப் பார்க்கும்.

நீதி: ஒன்றின் பெயரும் வகையும் தெரிந்துவிட்டால் அதை அறிந்துவிட்டதாக ஆகாது; தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவரின் பிழைக்கு, அவரை நம்பியவர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள்.