கார் நின்ற இடம்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. சிரிக்காதீர்கள், கனடாவில் இதெல்லாம் நடக்கும்.

குருவின் பெயர் ஆரணி. மார்க்கம் நகரில் கோல்ஃப் பழக்குகிறாள். சீடர் குலவீரசிங்கம் அவளை "ரீச்சர்" என்பார். அவள் அவரை "அங்கிள்" என்பாள்.

அவர் வேலை செய்த தொழிற்சாலையை முந்தின வருடம் மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க மனுஷன் சோபாவில் இருந்து சுவரைப் பார்த்தார். வைத்த தேத்தண்ணி வைத்தபடி ஆறும். மனைவி பவளராணி பயந்தே போனார். கோடையில் ஒரு நண்பர் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கையில் மட்டையைக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பரில் மைதானம் மூடியது.

"இனி ஏப்ரல் வரைக்கும் என்ன செய்யிறது, ரீச்சர்?"

"வீட்டு கராஜிலை பழகலாம், அங்கிள். ஒரு வலையும் பச்சைப் பாயும் காணும்."

அவ்வளவு போதும் என்றால் மனுஷன் கேட்பாரா? கராஜின் முகட்டை அளந்தார். மட்டையை ஓங்கினால் இடிக்காது என்று கண்டதும் துள்ளினார். வலையை நான்கு மூலையிலும் இறுக்கி ஆணி அடித்தார். பாயை நிலத்தோடு பூட்டினார். வெளிச்சத்துக்கு இரண்டு விளக்குகள் வேறு. ஒரு கார் நிற்கும் கராஜ் அது. காரை வெளியே எடுத்து விட்டது பவளராணிதான், சந்தோசமாகத்தான்.

டிசம்பர் நடுவில் ஆரணி பார்க்க வந்தாள். குலவீரசிங்கம் ஒவ்வோர் ஆணியையும் தொட்டுக் காட்டினார்.

"எப்பிடி, ரீச்சர்? கோயில் மாதிரி இருக்கோ, இல்லையோ?"

"நல்லாத்தான் இருக்கு, அங்கிள்."

பிறகு குசினியில் பவளராணி தேத்தண்ணி கொடுத்தார். அவருக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. விடிய ஐந்தேகாலுக்குப் போனால் பின்னேரம் இரண்டரைக்குத்தான் வருவார். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. கையில் குளிர் படவே கூடாது என்று டொக்டர் சொல்லி மூன்று வருடம்.

ஆரணி யன்னலால் வெளியே நின்ற காரைப் பார்த்தாள். கண்ணாடியில் ஐஸ் பிடித்திருந்தது.

"ஆன்ரி, விடிய இதை ஆர் சுரண்டுறது?"

"நான்தான். பத்து நிமிசம்தானே, பிள்ளை."

"அங்கிளுக்குத் தெரியுமோ?"

"அவர் நித்திரை. நீ சொல்லிப்போடாதை. எனக்குச் சத்தியம் பண்ணு."

வேறு வழியில்லாமல் ஆரணி சத்தியம் பண்ணினாள். வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே குலவீரசிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், நாளைக்குப் பாடம் விடிய அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கோ! என்ன ரீச்சர், விசரோ?"

"எனக்கு அந்த நேரம்தான் சரிவரும்."

கார் வெளியில் நின்றால் விடிய அதன் மேல் ஐஸ் பிடிக்கும். கனடாவில் இது குழந்தைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும்தான். ஆனால் நித்திரை கொள்கிறவருக்கு விடிய நடப்பதை யோசிக்க எங்கே நேரம்!

மறுநாள் ஐந்து மணிக்குக் கராஜில் இரண்டு விளக்கும் எரிந்தன. பெரிய கதவு மூடியிருந்தது. சீடர் அடித்தார். வலை பந்தை வாங்கிக் கீழே போட்டது. இன்னும் அடித்தார். முன்வாசல் கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவர் கவனிக்கவில்லை.

"ரீச்சர், கனநாளா ஒரு சந்தேகம். மைதானத்திலை எண்டால் பந்து போறது தெரியும். இதுக்குள்ளை எட்டடியிலை வலை. நான் அடிக்கிறது எங்கை போய் விழுகுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஆரணி சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

பெரிய கதவு கிறீச்சிட்டு மேலே போனது. குளிர் உள்ளே பாய்ந்தது. வெளியே பவளராணி குனிந்து கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நின்றார். நிறுத்தி, கையுறையைக் கழற்றி, விரல்களை வாயருகே வைத்து ஊதினார். மறுபடி சுரண்டினார்.

"அங்கை விழுகுது, அங்கிள்."

குலவீரசிங்கம் மட்டையைப் போட்டார். கோட்டும் இல்லை, சப்பாத்தும் இல்லை, வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடினார்.

"ஐயோ, என்னப்பா இது! உள்ளை போங்கோ, தடிமன் வரப்போகுது!"

அவர் சுரண்டியைப் பறித்தார். மனைவியின் இரண்டு கையையும் தன் கம்பளிச் சட்டைக்குள் இழுத்து நெஞ்சோடு அழுத்திப் பிடித்தார். அந்தக் குளிர் அவருக்குச் சுட்டது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வலையைக் கழட்டிப்போடுவியள்."

"கழட்டினா என்ன?"

"பிறகு பழையபடி சோபாவிலை இருந்து சுவரைப் பாப்பியள். அதை என்னாலை இன்னொருக்காப் பாக்கேலாது. விரல் குளிர்ந்தால் சூடாக்கலாம்தானே."

மிச்ச ஐஸை அவரே சுரண்டினார். மனைவியைக் காரில் ஏற்றி, சூடு வரும் வரைக்கும் நின்று, அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். செருப்பு நனைந்து சொதசொதவென்றிருந்தது. ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வலைக்கு முன்னால் நின்றவர், அசையவில்லை.

"கழட்டினா அவ அழுவா. விட்டா அவவின்ரை கை போயிடும். நீங்களே சொல்லுங்கோ, ரீச்சர். நான் என்ன செய்ய?"

"ஆணியைப் பிடுங்குங்கோ. வலையைத் திரைச்சீலை மாதிரி ஒரு கம்பியிலை கொளுவுங்கோ. ஆன்ரி எத்தினை மணிக்கு வாறவ?"

"ரெண்டரைக்கு."

"அது வரைக்கும் இந்த இடம் சும்மாதானே கிடக்கு? ஆசைதீர அடியுங்கோ. ரெண்டு மணிக்கு வலையை ஒதுக்கிப்போட்டு, காருக்குக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நில்லுங்கோ, அங்கிள்."