ஃப்யூஸ் பிடுங்கியவரின் லேப்டாப்

சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு இருபத்து நான்கு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம்தானே கேட்க வேண்டும்?

குருவின் பெயர் ஷெர்லின். நாகர்கோவில் வடசேரியில், டயர் கடைக்கு மேல்மாடியில் கேமிங் சென்டர் நடத்துகிறாள். எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கமிஷன் பார்க்காமல் யோசனை சொல்வாள். அதனால் அங்கே வருகிற பையன்கள் அவளைக் குரு என்றார்கள். முதலில் கேலிக்கு, பிறகு பழக்கத்தில்.

சிஷ்யர் தாணுமாலயன், மின்சார லைன் வேலையிலேயே தலை நரைத்தவர். ஒருநாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"கேம் விளையாட ஒரு லேப்டாப் வேணும்மா. விலை கம்மியா இருக்கணும். அதுக்காக மட்டமா இருந்துரக் கூடாது."

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

ஷெர்லின் சிரிக்கவில்லை. அதிலேயே அவருக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. மீதியையும் அவரே சொன்னார்.

மகன் நீலகண்டன் புனேயில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அம்மாவிடம் அரைமணி நேரம் பேசுவான். அப்பாவிடம் வந்தால் "சாப்பிட்டேன், வைக்கட்டா" என்பதோடு சரி. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் உயிர். அதற்குள் போயாவது பிள்ளையோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். மனுஷருக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம்.

"கடையில ஒண்ணு பாத்தேன். மெல்லிசா, வெள்ளிக் கலர்ல ஜோரா இருந்துச்சு. எடுத்துரட்டா?"

"மெல்லிசா இருக்கிறது ஆபீஸ் வேலைக்கு நல்லது சார். கேம் ஓடினா சூடேறித் திணறும். கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும், உள்ளே காத்து போக இடம் இருக்கணும். தடியா, பார்க்கச் சுமாரா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்படி ஒண்ணு நீயே சொல்லு."

"உங்க பையன் என்ன கேம் விளையாடுறார்?"

"கம்ப்யூட்டர் கேம்தான்."

"பேரு?"

தாணுமாலயன் நெற்றியைத் தடவினார். "துப்பாக்கிச் சத்தம் கேக்கும்."

"லோடு என்னன்னு தெரியாம நீங்க கனெக்‌ஷன் கொடுப்பீங்களா சார்? லேசான கேமுக்குப் பாதி விலையில முடியும். பெரிய கேம்னா அது பத்தாது. ஒரே வீட்ல இருந்தீங்க, ஒருநாளாவது ஸ்கிரீனைப் பார்த்ததில்லையா?"

"எங்க பாக்க? சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். நான் நேரா மீட்டர் பெட்டிக்குப் போயி ஃப்யூஸ் கட்டையைப் புடுங்கிருவேன். நமக்கு அதானே கைவந்த வேலை. வீடே இருட்டாயிரும். அப்புறம் வந்துதானே ஆகணும்?"

சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஷெர்லின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல இங்க உக்காந்து கத்துக்கங்க. லேப்டாப் அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அவர் தினமும் சாயங்காலம் வந்தார். எங்கெங்கோ இருக்கிற ஐந்து பேர் சேர்ந்து, எதிரே வேறு ஐந்து பேரோடு மோதும் விளையாட்டு. ஆரம்பத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். சொந்த ஆளையே சுட்டார். அப்புறம் ஓட, ஒளிய, அடிபட்டவனைத் தூக்கிவிடப் பழகினார். காதில் மாட்டிய ஹெட்செட்டில் மதுரைக்காரப் பையன் ஒருவன் "அங்கிள், பின்னாடி பாருங்க" என்பான். அந்த அங்கிள் என்ற அழைப்பில் அவர் மயங்கியே போனார்.

ஒருநாள் அவருடைய கூட்டத்தில் நால்வரும் விழுந்துவிட்டார்கள். எதிரில் ஒருவன்தான் பாக்கி, இங்கே இவர். "அங்கிள், உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்றான் மதுரைக்காரன். தாணுமாலயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி வைத்தார்.

ஷெர்லின் பின்னால் வந்து சுவிட்சை அணைத்தாள்.

திரை கறுத்தது. தாணுமாலயன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? நாலு பேரு என்னை நம்பி நிக்கான். ரெண்டு நிமிஷம் பொறுத்தா முடிச்சிட்டு எழுந்திரிக்க மாட்டனா?"

"சாப்பாட்டு நேரம் சார்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தப் பயலுவ என்ன நினைப்பானுவ?"

"பயந்து ஓடிட்டாருன்னு நினைப்பாங்க."

"இதே மாதிரி தினமும் ஆனா?"

"கூட்டத்துல சேர்க்க மாட்டாங்க சார்."

தாணுமாலயனுக்கு அந்த ஃப்யூஸ் பிடுங்கிய ராத்திரிகள் ஞாபகம் வந்தன. நீலகண்டன் இருட்டில் வந்து, தலை குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். கீழ்ப்படிகிறான் என்றல்லவா இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன கேம்னு அவர்கிட்டயே கேளுங்க. அன்னைக்கே லேப்டாப் சொல்லிடறேன்" என்றாள் ஷெர்லின்.

திங்கட்கிழமை வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாரே தவிர, அதைப் போடவில்லை.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். விளையாட்டெல்லாம் விட்டு வருஷக் கணக்காச்சுப்பான்னான்."

"முன்னாடி விளையாடினது?"

"பேரு மறந்துபோச்சாம்."

அவர் கீபோர்டை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஃப்யூஸைப் பத்தி நானே பேச்சை எடுத்தேன். தப்புப் பண்ணிட்டேன்டான்னு சொல்ல வாயைத் திறக்கேன், அதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான். நீங்க என் நல்லதுக்குத்தானேப்பா செஞ்சீங்க, அதனாலதான் உருப்பட்டேன்னான். ரொம்ப மரியாதையாச் சொன்னான். வெளியாள்கிட்டப் பேசுத மாதிரி."

ஷெர்லின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல எல்லாரும் என்னை மெச்சுதான், தாணு பிள்ளையைக் கண்டிச்சு வளத்தான்னு. விளையாட்டை விடுன்னேன், விட்டுட்டான். நான் ஜெயிச்சிட்டேன்னுதானே அர்த்தம்? நீயே சொல்லு குருவே."

"ஆமா சார். எதிர் டீம் பாதியிலேயே எழுந்து போயிட்டாலும், ஸ்கிரீன்ல நாம ஜெயிச்சோம்னுதான் வரும்."