ஐந்நூறு பாரத் தோணி

“பாவா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார் மீராத்தம்பி மரைக்காயர், ஞானியார் தங்கியிருந்த தைக்காவுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக. “நீங்க சொன்னா அந்தத் தண்டல் கேப்பான்.”

தோணியைச் செலுத்துகிறவன் தண்டல். பெயர் உதுமான். காலையிலிருந்து பாய் ஏற்ற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

தோணி மரைக்காயருடையது. பாவாவின் பழைய சீடர் அவர். எத்தனை வருஷம் பாவா காலடியில் உட்கார்ந்து என்ன, சரக்கு என்று வந்துவிட்டால் மனுஷனுக்குக் காது அடைத்துவிடும்.

“ஏனாம்?”

“பாரம் கூடிப்போச்சாம். இந்தக் காத்துக்குத் தாங்காதாம். நாடகம் போடுறான்.”

“எத்தனை பாரம் ஏத்தினீரு?”

“ஐந்நூறு. ஒரு மணங்குகூட மேல இல்ல. ஐந்நூறு பாரத் தோணியில ஐந்நூறு பாரம். இதுல என்ன தப்பு?”

இருபது மணங்கு ஒரு பாரம். ஊரில் அந்தத் தோணிக்குப் பெயரே அதுதான். மரைக்காயர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட ‘ஐந்நூறு பாரத் தோணிக்காரர்’ என்றுதான் பேச்சு நடந்தது.

“அந்தப் பேரை யாரு வச்சது?”

“கட்டின ஆசாரி. எங்க வாப்பா காலத்துல.”

“அப்போ மரம் புதுசு.”

“இப்பவும் அதே மரம்தான் பாவா.”

“அன்னையிலேருந்து தண்ணியிலேயே ஊறிக் கிடக்கிற மரம்.”

மரைக்காயர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“தோணியோட எடை எத்தனை பாரம்?”

மரைக்காயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது என்ன தூக்கும்னு கேப்பாங்க. அதோட எடையை யாரு பாவா கேப்பா?”

“அதுல போற ஆளுங்க எத்தனை பாரம்?”

“ஆளுங்களைச் சரக்கோட சேக்குறதில்ல. நம்ம தொழில்ல அந்தப் பழக்கம் கிடையாது.”



“உதுமான் கடைசிவரைக்கும் ஏறலேன்னா?”

“ஏறாட்டிப் போறான். மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் பாரு, அப்புறம் நீயே பாயை ஏத்துன்னு மருமகன் சதக்குகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவனும் கடல் தெரிஞ்சவன்தான்.”

பாவா சட்டென்று எழுந்து உள்ளே போனார். மடித்த வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து மரைக்காயர் கையில் வைத்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் இத்தா இருக்கும்போது உடுத்துகிற சேலை. கடலோர ஊர், தைக்காவில் எப்போதும் சிலது இருக்கும்.

“இது எத்தனை பாரம்?”

மரைக்காயர் கையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “அரை வீசை வரும். தோணியில யாருகிட்ட குடுக்கணும்?”

அட மனுஷா. அப்போதும் அவருக்கு அது சரக்காகத்தான் தெரிந்தது.

“தோணிக்கு இல்ல. உம்ம வீட்டுக்கு.”

“என் வீட்டுல யாருக்கு…”

கேள்வி பாதியில் நின்றது. வீட்டில் அவருடைய ஒரே மகள் சித்தி ரகுமா இருந்தாள். சதக்கைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது.

மரைக்காயர் ஓடினார். செருப்பு தைக்காவிலேயே கிடந்தது. தைக்காவுக்கும் கரைக்கும் நடுவில் ஊர் முழுக்க இருந்தது.

கரையில் உதுமான் தனியாக உட்கார்ந்திருந்தான். தூரத்தில் பாய் தெரிந்தது. அதற்குக் கீழே தோணியின் பக்கப் பலகை தண்ணீருக்கு மேலே சரியாகத் தெரியவில்லை.

“நிறுத்தச் சொல்லு உதுமான். பாதிச் சரக்கைக் கடல்ல எறியச் சொல்லு.”

“இங்கேயிருந்து கத்தினா கேக்காது முதலாளி.”

“நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?”

“காலைப் பிடிச்சேன். ஐந்நூறு பாரத் தோணிக்கு என்ன பயம்னு சிரிச்சாரு மருமகன்.”

மரைக்காயர் அப்படியே மணலில் உட்கார்ந்தார்.  காற்று ஏறிக்கொண்டே இருந்தது.

உதுமான் அப்போதுதான் அவர் கையில் இருந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.