நாற்சந்திக் கல்லுக்கு வந்த சாட்சி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் கோபம் நிறைவாகவும் இருந்த காலத்தில், ஆற்றோரத்தில் ஒரு தலைநகரம் இருந்தது. அதை ஆண்டவருடைய பெயரைப் பட்டங்களோடு சேர்த்துச் சொன்னால் இந்தக் கதையைவிட நீளமாகிவிடும். ஆகையால் ராஜா என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூக்கத்தைக் கெடுத்தால் மட்டும் மனிதர் மனிதராக இருக்கமாட்டார்.

அந்த ஊர் நாற்சந்தியில் ஒரு கல்தூண் நின்றது. ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம். எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் சுற்றிலும் அகலமான ஒரு பட்டை மட்டும் தேய்ந்து வழவழவென்று மின்னும். அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், அதேபோல் இன்னொரு சின்னப் பட்டை. பக்கத்தில் ஒரு கல்தொட்டி. நட்டது யார், எதற்காக நட்டார்கள் என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் மனிதன் அடித்துப் பேசுவான். இந்த ஊரும் அதற்கு விலக்கல்ல.

ஊரின் கீழ்ப்பக்கத்தில் ஆற்றங்கரையார் இருந்தார்கள். அவர்களுடைய காவல் தெய்வம் வல்லயத்தான், கையில் ஈட்டியோடு நிற்கிறவர். அவர் ஓர் அரக்கனைக் குத்திவிட்டு வந்து ஈட்டியைத் துடைத்த கல் இது என்றார்கள். கீழே இருக்கும் சின்னப் பட்டை அவருடைய வேட்டைநாய் உரசிய இடமாம்.

மேல்பக்கத்தில் மலைகடந்தார் இருந்தார்கள். பெயரே சொல்கிறதே, அவர்களுடைய முன்னோர் மேற்கு மலையைத் தாண்டி நெசவுத் தொழிலோடு வந்தவர்கள். வீட்டுக்குள் வேறு பாஷை. சிலை கும்பிடமாட்டார்கள், விளக்குச் சுடரைத்தான் கும்பிடுவார்கள். அவர்களுடைய ஆதிகுரு முதுகைச் சாய்த்துத் தவம் செய்த கல் இது என்றார்கள். சின்னப் பட்டை குருவின் குட்டிச் சீடன் சாய்ந்த இடமாம்.

தொட்டித் தண்ணீர் மட்டும் இரண்டு தெருவுக்கும் பொதுவான தீர்த்தம். காலையில் ஆற்றங்கரையாரும் மாலையில் மலைகடந்தாருமாக வந்து, கும்பிட்டு, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுப் போவார்கள். அப்படியே காலம் போயிருக்கும். ஒருநாள் ஆற்றங்கரையார் கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டினார்கள். மாலையில் மலைகடந்தார் வந்து விளக்கு வைத்தார்கள். காற்று வந்தது, துணி எரிந்தது. வேண்டுமென்றே கொளுத்தினார்கள் என்று ஒரு தெருவில் பேச்சு, எங்கள் விளக்கை அணைக்கத்தான் துணியே கட்டினார்கள் என்று இன்னொரு தெருவில் பேச்சு. வந்தேறி என்றான் ஒருவன். காட்டான் என்றான் மற்றவன். கடைகள் சாத்தப்பட்டன, கல் பறந்தது, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது.

அந்தக் கூச்சல் அரண்மனைக்குள் போய்ச் சேர்ந்தபோது ராஜா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

தலைப்பாகைகூட இல்லாமல் உப்பரிகைக்கு வந்தவர் அங்கிருந்தே கட்டளையிட்டார். “அந்தக் கல் யாருடையது என்று விசாரித்து முடிவாகட்டும். அது யாருடையது அல்லவோ, அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட வேண்டும். இது ராஜவாக்கு.”

அக்கரை என்றால் நாணற்காடு. வீடு கிடையாது, கிணறு கிடையாது. சொன்ன பிறகு ராஜாவுக்கே கொஞ்சம் உறுத்தியது. என்ன செய்வது? அந்த வம்சத்தில் ராஜவாக்கை விழுங்கிய வழக்கம் இல்லை.

விசாரணை தொடங்கியது. இரண்டு தெருவிலிருந்தும் சாட்சிகள் வந்தார்கள். வல்லயத்தானை நேரில் பார்த்ததாகக்கூட ஒருவர் சத்தியம் செய்தார். குருவுக்கு மோர் கொடுத்ததாக இன்னொருவர் செய்தார். ராஜாவுக்குச் சலித்துப்போனது. நம்பும்படியான சாட்சி ஒன்றுகூட இந்த நாட்டில் இல்லையா என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் பிரதானி அனந்தகோபர் எழுந்தார். அவருக்கு நாட்டில் எத்தனையோ கவலைகள் இருக்கலாம், ஆனால் ராத்திரி தூங்கவிடாத கவலை ஒன்றுதான். அது சபையின் விகடகவி கரும்பாயிரம். இவர் முழுநாள் பேசினாலும் ராஜா கொட்டாவி விடுவார், கரும்பாயிரம் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுவார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“மகாராஜா, இதைக் கரும்பாயிரத்திடம் ஒப்படைப்பதே தகும்” என்றார் பிரதானி. “ஆற்றங்கரைத் தெரு அவன் பிறந்த வீடு, அதன் தலைவர் அவனுடைய அண்ணன். மலைகடந்தார் தெரு அவன் பெண் எடுத்த வீடு, அதன் தலைவர் அவனுடைய மாமனார். சாட்சியை அவனே கொண்டுவரட்டும். ஆனால் அந்தச் சாட்சி இரண்டு தெருவிலும் சேராதவராக இருக்க வேண்டும், இரண்டு தெருவுக்கும் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். எந்தச் சாமியையும் கும்பிடாதவராக, பிறந்தது முதல் பொய் சொல்லாதவராக, லஞ்சமாக ஒரு காசும் தொடாதவராக இருக்க வேண்டும். தங்களைக் கண்டும் பயப்படக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் கைபிடித்து அழைத்து வராமல், தானே வந்து அந்தக் கல் இன்னதென்று காட்ட வேண்டும்.”

ராஜாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பௌர்ணமிக்குள் அப்படியொரு சாட்சி வராவிட்டால் பிரதானியே தீர்ப்புச் சொல்வார், தோற்றவர்களோடு கரும்பாயிரமும் அக்கரைக்குப் போக வேண்டும் என்று முடித்துவிட்டார். பிரதானியின் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். மலைகடந்தார் தொகையில் குறைவு. தொகையில் குறைந்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதுதான் பிரதானிகளுக்கு எப்போதும் வசதி.

கரும்பாயிரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி நீலவ்வை அடுப்பே மூட்டவில்லை. செய்தி அவனுக்கு முன்னால் வந்துவிட்டது.

“எங்கப்பா இந்த ஊருல பொறந்தவரு. அவரோட அப்பாவும் இங்கதான் பொறந்தாரு” என்றாள். “இன்னும் எத்தனை தலைமுறை பொறந்தா நாங்க இந்த ஊருக்காரங்க ஆவோம்? அதையாச்சும் உங்க ராஜாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

அண்ணன் போனாலும் கரும்பாயிரத்துக்கு நஷ்டம், மாமனார் போனாலும் நஷ்டம். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு அழக்கூட ஓரிடம் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே மந்தைவெளிப் பக்கம் நடந்தான்.

மந்தைவெளியில் குமராயி என்று ஓர் இடைச்சி குடிசை போட்டிருந்தாள். இரண்டு தெருவுக்கும் அவள் வீட்டுப் பால்தான். கரும்பாயிரம் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து மாடுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அவளிடம் ஒரு சின்ன உதவி கேட்டான். இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் ஒரு பார்வை பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். வீடு திரும்பியவன் பழைய சோறு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான். நீலவ்வைக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

பௌர்ணமியன்று நாற்சந்தியில் பந்தல் போட்டு ராஜா வீற்றிருந்தார். ஒருபக்கம் ஆற்றங்கரையார், முன்னால் அவர்கள் தலைவர் வல்லயக்கண்ணு. மறுபக்கம் மலைகடந்தார், முன்னால் கரும்பாயிரத்தின் மாமனார் சென்னப்பர். அவர்களில் சில பெண்கள் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டி மடியிலேயே வைத்திருந்தார்கள். கரும்பாயிரம் செய்த ஏற்பாடு ஒன்றே ஒன்று. கல்லைச் சுற்றிக் காவலர்கள் போட்டிருந்த வேலியை எடுத்துவிட்டு, மந்தைவெளியிலிருந்து வரும் பாதையில் ஒருவரும் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தான்.

வெயில் ஏறியது. சாட்சி எங்கே, வழியில் கால் சுளுக்கிக்கொண்டாரோ என்று பிரதானி விசாரித்தார். கரும்பாயிரம் பாதையைக் காட்டினான்.

குளத்தில் புரண்டு, உடம்பெல்லாம் சேறு பாதி காய்ந்து, ஓர் எருமை வந்துகொண்டிருந்தது. பின்னால் அதே சேற்றோடு அதன் கன்று. மூக்கணாங்கயிறும் இல்லை, கூட ஆளும் இல்லை. அது ராஜாவைப் பார்த்தது, பார்த்துவிட்டு அசைபோட்டபடியே நடந்தது. வழியில் நின்ற பிரதானியின் பட்டு அங்கவஸ்திரத்தில் சேற்றை அப்பியது. நேராகக் கல்லிடம் போய், விலாவைச் சாய்த்து, அரைக்கண் மூடி, பரம சுகமாக உரசத் தொடங்கியது. கன்று மறுபக்கம் போய்த் தன் உயரத்துக்கு உரசியது. பிறகு தாயும் பிள்ளையும் தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தன.

“இதுவே என் சாட்சி, மகாராஜா” என்றான் கரும்பாயிரம். “இரண்டு தெருவிலும் சேராதது. இரண்டு தெருவும் இதன் பாலைக் குடிப்பதால் இருவருக்கும் தெரிந்தது. சாமி கும்பிடாது, பொய் சொல்லாது, காசு தொடாது. தங்களைக் கண்டு பயந்ததா என்பதைத் தாங்களே பார்த்தீர்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று ஒருநாள் குளிப்பாட்ட வேண்டாம், அவிழ்த்து விட்டால் போதும் என்று குமராயியிடம் கேட்டுக்கொண்டதோடு சரி. சேறு காய்ந்து அரித்ததும் உரசத் தூண் தேடி அதுவே வந்துவிட்டது.”

பிரதானி சேற்றைத் தட்டிக்கொண்டே, சாட்சி என்றால் மனிதச் சாட்சி என்று கத்தினார். அப்படியொரு நிபந்தனை அவர் விதிக்கவில்லையே என்றான் கரும்பாயிரம். சொன்ன குணங்கள் அத்தனையும் உள்ள மனிதர் ஒருவர் சபையில் இருந்தால் பிரதானியே அழைத்து வரட்டும், காத்திருக்கிறேன் என்றும் சொன்னான். ராஜா சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“எருமை எந்தத் தூணில்தான் உரசாது?” என்றார் பிரதானி.

அதற்கும் கரும்பாயிரம் ராஜாவையே கல்லருகில் அழைத்தான். எருமை அப்பிய சேறு மேல்பட்டையில் சரியாக விழுந்திருந்தது. கன்று அப்பிய சேறு கீழ்ப்பட்டையில் விழுந்திருந்தது. இரண்டும் ஒரு விரற்கடைகூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“இந்த நாற்சந்தி ஒருகாலத்தில் மந்தையாக இருந்திருக்கிறது. நமக்கு முதுகு அரித்தால் கை இருக்கிறது. மாட்டுக்கு ஏது? அதற்காகக் கல் நடுவதை முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாக நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆவுரிஞ்சிக் கல் என்று அதற்குப் பெயர். மாமா சொன்னதும் பொய்யில்லை, இதில் முதுகு சாய்த்தது உண்மை. யாருடைய முதுகு என்பதில்தான் தவறு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டை உடைந்தவர்கள் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவமானப்பட்ட கூட்டம் எந்தப் பக்கம் பாயும் என்று யாரால் சொல்ல முடியும்? வல்லயக்கண்ணு கல்லைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தொட்டியில் இன்னும் வாய் வைத்திருந்த கன்றைப் பார்த்தார்.

“அப்ப ஆயுசு பூரா மாட்டுத் தொட்டித் தண்ணியையா நான் தீர்த்தம்னு குடிச்சேன்?” என்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து சென்னப்பர் மெல்லச் சொன்னார். “நீங்க காலையில குடிச்சீங்க. சாயங்காலம் மிச்சத்த நான் குடிச்சேன்.”

வல்லயக்கண்ணுவின் தொப்பைதான் முதலில் குலுங்கியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சென்னப்பர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. தனியாக முட்டாளானால்தான் வெட்கம், ஊரோடு சேர்ந்து ஆனால் அது திருவிழா.

பிரதானி விட்டாரா? “சிரிப்பு இருக்கட்டும். கல் யாருடையது அல்லவோ அவர்கள் அக்கரைக்குப் போக வேண்டும் என்பது ராஜவாக்கு. கல் இரண்டு தெருவுடையதும் அல்ல. ஆகவே இரண்டு தெருவும் போக வேண்டும்.”

சிரிப்பு அறுந்துபோனது. ராஜாவின் முகம் சுண்டிவிட்டது. மடியில் மூட்டை வைத்திருந்த பெண்களில் ஒருத்தி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பிரதானி சொல்வது முற்றிலும் நியாயம்” என்றான் கரும்பாயிரம். “ராஜவாக்கு ராஜவாக்குதான். கல் இவர்களுடையது அல்ல. என்னுடையதும் அல்ல. சேனாதிபதியுடையது அல்ல, பிரதானியுடையது அல்ல. மன்னிக்க வேண்டும், மகாராஜா, தங்களுடையதும் அல்ல. எருமையையும் கன்றையும் விட்டுவிட்டு நாம் எல்லோரும் அக்கரைக்குப் போக வேண்டியதுதான். போக வேண்டும் என்றுதான் வாக்கு. திரும்பி வரக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை. மதியத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.”

ராஜா ஒரு கணம் விழித்தார். புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பந்தல் கால் ஆடியது என்பார்கள். உடனே எல்லாப் படகுகளையும் துறைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

பிரதானி மட்டும், தான் எதற்காக வர வேண்டும் என்று முணுமுணுத்தார்.

“வரவேண்டாமே” என்றார் ராஜா. “கல் உம்முடையது என்றால் இங்கேயே இரும். எருமை நகர்ந்ததும் நீர் முதுகைச் சொறிந்துகொள்ளலாம்.”

பிரதானிதான் முதல் படகில் ஏறினார்.

அன்று அந்த ராஜ்யம் முழுவதும் அக்கரை மணலில் இலைபோட்டுச் சாப்பிட்டது. ஆற்றங்கரையார் மீன்குழம்பு கொண்டுவந்தார்கள். மலைகடந்தார் சோளரொட்டியும் எள்ளுப்பொடியும் கொண்டுவந்தார்கள். உடனே உறவாகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். மரநிழலுக்காக ஒரு சண்டை வரத்தான் செய்தது, ஆனால் ரொட்டியோடு போயிற்று. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கரும்பாயிரத்துக்குப் போட்டார். குமராயியின் மாடுகளுக்கு ஆயுசுக்கும் பருத்திக்கொட்டை அரண்மனைச் செலவு என்றார். கல்லைப் பழையபடி மாடுகளுக்கே விட்டுவிட வேண்டும், அதுவே இனி ராஜவாக்கு என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, எருமை தம்மைப் பார்த்த பார்வையை நினைத்து மறுபடியும் சிரித்தார்.

பொழுது சாயும்போது படகுகள் திரும்பின. யார் எந்தப் படகில் ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. மடியில் மூட்டையோடு வந்த பெண்கள் அதே மூட்டையோடு கரையேறினார்கள். நீலவ்வை தன் அப்பாவைக் கைபிடித்து இறக்கிவிட்டு, அவர் தம் தெருவுக்குள் திரும்பும்வரை துறையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னப்பர் வாசல் கதவைத் திறந்து உள்ளே போனார். அன்றிரவு அந்த ஊரில் திரும்பிப்போக வீடு இல்லாதவர் ஒருவரும் இல்லை.