பிலோமினா கற்றுக்கொண்ட நூடுல்ஸ்

"உப்பைக் குறைச்சா அவுக சாப்பிட மாட்டேங்குறாக, டீச்சர். கூட்டுனா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லுதார். நான் என்னதான் செய்யட்டும்?"

பிலோமினா மாடி வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள்.

டீச்சர் என்று அவள் அழைத்த யாஹுய், தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்து மூன்று. பிலோமினாவின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

யாஹுய் குப்பைக்குப் போகவேண்டிய இறால் தலைகளையும் ஓடுகளையும் இரண்டு கையாலும் அள்ளி, பிலோமினாவின் கைகளில் போட்டாள்.

"இது என்னத்துக்கு?"

"உள்ள வாங்க அக்கா."

யாஹுய் தைவான்காரி. தைநான் என்ற ஊரில், ஒரு கோயில் வாசலில், அவளுடைய அப்பாவும் அம்மாவும் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்றவர்கள். கணவனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் நான்கு வருடத்துக்கு முன் இங்கே வந்தாள். தெருப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் சமையல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். தமிழ் கொஞ்சம்தான் வரும். மீதியைக் கையால் சொல்வாள்.

பிலோமினாவின் கணவர் இன்னாசி முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். தை மாதம் நெஞ்சுவலி வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உப்பிலும் எண்ணெயிலும் டாக்டர் கை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ இறங்கிவிட்டார். கஞ்சி வேண்டாம். இட்லி வேண்டாம். வேறென்ன வேண்டும் என்று கேட்டால் தைவானின் காவ்சியுங் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவார். கப்பல் அங்கே நிற்கும்போதெல்லாம் இறங்கிப் போய் ஒரு தள்ளுவண்டியில் நூடுல்ஸ் சாப்பிடுவாராம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறதாம்.

முந்தின நாள் அவருடைய சட்டைப்பையில் பாக்கெட் நூடுல்ஸின் மசாலா உறைகள் மூன்று கிடந்தன. மூன்றும் காலி. தூளை வெறும் கையில் கொட்டி நக்கியிருக்கிறார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பிலோமினா வந்திருந்தாள்.

"அந்த வண்டி நூடுல்ஸ்ல உப்பு எம்புட்டு டீச்சர்? எண்ணெய் எம்புட்டு?"

யாஹுய் இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"பின்ன அது எப்படி அவுகளுக்கு ஆகும்?"

"வண்டி நூடுல்ஸ், வழியில போறவருக்கு. வீட்டு நூடுல்ஸ், நாளைக்கும் இருக்கவேண்டியவருக்கு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இறால் ஓடுகளை வெறும் சட்டியில் போட்டு வறுத்தாள். சாம்பல் நிறம் சிவப்பானது. ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டாள். மரக்கரண்டியால் தலைகளையும் நாலு பல் பூண்டையும் நசுக்கினாள். வெந்நீர் ஊற்றி, அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினாள். மாலை வெயில் நிறத்தில் ஒரு சாறு இறங்கியது.

பிலோமினா உப்பு டப்பாவை எடுத்தாள்.

யாஹுய் அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, ஒரு கரண்டி சாற்றை நீட்டினாள்.

பிலோமினா குடித்தாள். இன்னொரு கரண்டி கேட்டாள்.

"கடலே உள்ள இருக்கே டீச்சர்! இத்தனை வருசமா இந்த ஓட்டையா நான் பூனைக்குப் போட்டேன்?"

"நாளைக்கு வாங்க," என்றாள் யாஹுய்.

மறுநாள் இரண்டு கிண்ணம் வைத்தாள். இரண்டிலும் வெயிலில் காய்ந்த கோதுமை நூடுல்ஸ். பொரித்ததல்ல. இரண்டிலும் அதே சாறு, ஒரு பிடி முருங்கைக்கீரை, ஒரு பிடி முளைகட்டிய பயறு.

"எதுல உப்பு அதிகம்?"

பிலோமினா இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தாள். இரண்டாவது கிண்ணத்தைக் காட்டினாள். "இதுலதான். சுள்ளுன்னு இருக்கு."

யாஹுய் சோயா சாஸ் பாட்டிலை எடுத்தாள். முதல் கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன் என்று விரலால் காட்டினாள். அதைச் சாற்றில் கலந்துவிட்டிருந்தாள். இரண்டாவதற்குக் கால் ஸ்பூன். அதைச் சாற்றில் சேர்க்காமல், கடைசியில் நூடுல்ஸின் தலையில் சொட்டியிருந்தாள்.

பிலோமினா நம்பவில்லை. இன்னொரு கிண்ணத்தில் தானே சொட்டிப் பார்த்தாள். நாக்கில் வைத்ததும் கண்ணை அகல விரித்தாள்.

"நாக்கை ஏமாத்துதியளே டீச்சர்!"

"ஏமாத்தல அக்கா. நாக்கு முதல்ல தொடுற இடத்துல வச்சேன்."

மூன்றாம் நாள் சின்ன வெங்காயம். தாள் மாதிரி மெல்லிசாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் எண்ணெயில், அடங்கிய தீயில் போட்டாள். வண்டியில் இதை எண்ணெயில் மூழ்கவைத்துப் பொரிப்பார்களாம்.

பத்து நிமிடம் ஆனது. வெங்காயம் அப்படியே இருந்தது. பிலோமினா அடுப்பைக் கூட்டக் கை நீட்டினாள்.

யாஹுய் அந்தக் கையைப் பிடித்துக் கரண்டியில் வைத்தாள்.

"எண்ணெய் நிறைய, சீக்கிரம் ஆகும். எண்ணெய் கொஞ்சம், நின்னு கிண்டணும்."

முப்பத்தைந்து நிமிடம் பிலோமினா நின்று கிண்டினாள். வெங்காயம் பொன்னாகி மொறுமொறுவென்று உதிர்ந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று மாடியைப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் பிலோமினா தன் வீட்டில் சமைத்தாள். கற்றுக்கொண்ட எதையும் விடவில்லை.  கிண்ணத்தை இன்னாசியின் முன்னால் வைத்தபோது மணம் கூடத்தை நிறைத்தது.

அவர் நாலு வாய் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாளும் நாலு வாய். அதற்கடுத்த நாள் மூன்று.

பிலோமினா மிச்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு யாஹுய் வீட்டுப் படியேறினாள். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது.

"என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க டீச்சர். நேத்து அவுக மோதிரம் தானா கழண்டு விழுந்துச்சு. விரலு அவ்வளவு மெலிஞ்சு போச்சு. எனக்குப் பயமா இருக்கு."

யாஹுய் தூக்குவாளியைத் திறந்து, நின்றுகொண்டே சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள். வாளியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுச் சாற்றையும் குடித்தாள்.

"எங்கம்மாவுக்குக்கூட இப்படி வராது அக்கா."

"பின்ன ஏன் சாப்பிட மாட்டேங்குறாக?"

"சமையல் பார்த்தாச்சு. வீடு பார்க்கல."

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பிலோமினா தன் வீட்டில் மறுபடி சமைத்து முடித்தபோது மணி ஒன்று. இன்னாசி கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். யாஹுயைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து அவளுடைய மொழியில் வணக்கம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

கட்டிலருகே ஒரு முக்காலி. அதன்மேல் மாத்திரை அட்டைகள், ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின், வெந்நீர் செம்பு. நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கிப் பிலோமினா கிண்ணத்தை வைத்தாள். பக்கத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சாப்பிடுங்க. ம். இன்னொரு வாய். டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? ம், முழுங்குங்க."

மூன்று வாய். பிறகு சுவர்.

பிலோமினா யாஹுயைப் பார்த்தாள். 'பார்த்தீங்களா?' என்பதுபோல்.

யாஹுய் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. திறந்தாள்.

அடுப்படியில் ஒரு மண்சட்டி. மூடியைத் தூக்கினாள். சீலா மீன் குழம்பு. மேலே எண்ணெய் மிதந்தது.

"யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றாள் பிலோமினா. குரல் இறங்கியது. "அவுகளுக்குத் தெரியாது. கதவைச் சாத்திட்டுத்தான் சாப்பிடுவேன். மணம்கூட வெளிய போவாது."

கூடத்திலிருந்து இன்னாசியின் குரல் வந்தது.

"சீலா மீனு. நேத்து நெத்திலி."

பிலோமினா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

யாஹுய் மூடியைப் போட்டாள். இரண்டு துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கினாள். பின்வாசல் வழியாக நடந்துபோய், பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர்! மணப்பாட்டுல இருந்து வந்த மீன் டீச்சர் அது!"

யாஹுய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அடுக்களைத் தரையில் பாய் விரித்தாள். நூடுல்ஸ் சட்டியில் மிச்சமிருந்ததை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். கூடத்துக்குப் போய் முக்காலியிலிருந்த கிண்ணத்தை மட்டும் எடுத்துவந்து, மூன்றாவதாகப் பாயில் வைத்தாள். மாத்திரைகள் அங்கேயே இருந்தன.

"அண்ணா," என்று கூப்பிட்டாள். "வாங்க."

 பிறகு கட்டில் கிறீச்சிட்டது. இன்னாசி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. பாயில் மெதுவாக உட்கார்ந்தார். மூன்று கிண்ணத்தையும் பார்த்தார்.

"நீயும் இதைத்தான் சாப்பிடப் போறியா?" என்று மனைவியைக் கேட்டார்.

பிலோமினா கிண்ணத்தை எடுத்தாள்.

இத்தனை நாளும் அவள் கரண்டி நுனியில் உப்புப் பார்த்திருக்கிறாள். ஒரு கிண்ணம் முழுதாய்ச் சாப்பிட்டதில்லை. இப்போது யாரும் பக்கத்தில் நின்று அவளைப் பார்க்கவில்லை. பசித்தது. சாப்பிட்டாள். பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினாள்.

"பூண்டு கூடிப்போச்சு," என்றாள் தனக்குத்தானே.

"முதல் நாள்ல இருந்தே கூடத்தான் இருக்கு," என்றார் இன்னாசி.

அவள் நிமிர்ந்தாள்.

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ மருந்துல்ல குடுத்த? மருந்துல பூண்டு தூக்கலா இருக்குன்னு யாராவது சொல்லுவாகளா?"

அவர் குனிந்து ஒரு வாய் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். மொறுமொறுப்பான வெங்காயத்தைத் தேடிப் பிடித்துத் தின்றார்.

பிலோமினா பழக்கத்தில் யாஹுய் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு எத்தனை பல் போடட்டும், டீச்சர்?"

யாஹுய் வாயில் நூடுல்ஸ் இருந்தது. சாப்பிடும் குச்சியை நீட்டி எதிரே இருந்தவரைக் காட்டினாள்.

பிலோமினா கணவர் பக்கம் திரும்பினாள். 

"எத்தனை போடட்டுங்க?"

"ரெண்டு," என்றார் இன்னாசி. "நானே உரிச்சுத் தாரேன்."