ஆஸ்பத்திரி முனையின் காவு

ஆஸ்பத்திரி முனையில் பஸ் மோதி மூக்கையா இறந்தபோது, அந்த இடம் காவு கேட்கிறது என்று ஊர் சொன்னது. அதற்கு முன்பும் அங்கே சில உயிர்கள் போயிருந்தன.

சாலைத்துறைப் பொறியாளர் சிவசைலமும் அதை நம்பினார். அந்த முனைக்கு சிக்னல் அமைத்தவர் அவர்தான். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வாங்கிக்கொண்டு தன் குருவை அங்கே அழைத்து வந்தார். குரு அவரைவிட வயதில் இளையவர்.

"சாமி கையால திருஷ்டி கழிச்சிட்டா இதோட நின்னுரும்" என்றார் சிவசைலம்.

குரு பூசணிக்காயைத் தொடவில்லை. இறந்தவர் வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

மூக்கையாவின் மனைவி சொர்ணம் அங்கேயேதான் நின்றிருந்தாள். எதிர்ப்புறத்து ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. வேலைக்குப் போக தினமும் அந்தச் சாலையைத்தான் கடக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று குரு விசாரித்தார்.

"எம் புருஷன் அவசரக்காரர் இல்ல சாமி. சிக்னல்ல பச்சை ஆள் எரிஞ்ச பிறகுதான் எறங்கினாரு."

இடதுபக்கம் திரும்பிய பஸ்ஸுக்கும் அப்போது பச்சைதான்.

பிறகு அவள் பொறியாளரின் கையிலிருந்ததைப் பார்த்தாள். "பூசணிக்காயா? அதுல வழுக்கி விழுறதுக்கும் நாங்கதான் வரணுமா?"

குரு சிவசைலத்தின் பக்கம் திரும்பினார்.

"நடக்கிறவங்களுக்குப் பச்சை குடுத்தது யாரு?"

"நாங்கதான் சாமி."

"அதே நேரத்துல திரும்புற வண்டிக்கு?"

"அதுவும் நாங்கதான்."

எல்லா ஊரிலும் அப்படித்தான் என்றார் சிவசைலம். திரும்பும் வண்டிகளைத் தனியாக நிறுத்தி வைத்தால் பாலம்வரை தேங்கிவிடும், மேலதிகாரிகள் ஏசுவார்கள். ஆள் நடந்தால் ஓட்டுநர்தான் பார்த்து நிற்க வேண்டும், விதியே அதுதான் என்றார்.

"பாலம்வரைக்கும் வண்டி நிக்கக் கூடாது. அதுக்காக இந்தம்மா புருஷன் போகணும்" என்றார் குரு.

நேரமாகிறது, பூஜையை முடித்துவிடலாம் என்று முணுமுணுத்தபடி சிவசைலம் கற்பூரத்தைப் பிரித்தார்.

நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது. சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையில் இறங்கினாள். அப்போதே ஒரு பஸ் இடதுபக்கம் திரும்பியது. ஹாரன் அடித்ததே தவிர வேகம் குறையவில்லை.

கற்பூரத்தைப் போட்டுவிட்டு ஓடிய சிவசைலம், அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவள் நின்ற இடத்தின்மேல் பஸ் ஏறிப் போனது.

அவருக்கு மூச்சு வாங்கியது. கோபமும் வந்தது.

"பச்சைய நம்பி எறங்காதம்மா" என்றார்.

சொர்ணம் அவர் கையை உதறினாள். எதிரே விளக்கு இன்னும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

குரு சொன்னார்: "இப்ப சொன்னீங்களே, அத அந்தக் கம்பத்துல எழுதி மாட்டுங்க. கீழ உங்க பேரையும் போடுங்க."